கோளி அக்கா கேட்டது

என் செல்போனில் அவள் பெயர் 'கோளி' என்றுதான் இருந்தது. அந்தப் பெயரில் அழைப்பு வந்தால் நான் ஹலோ சொல்வதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு 'கொக்கரக்கோ' என்று கூவுவேன். "முட்டை உண்டா மக்களே?" என்று கேட்டபடி அவள் பேச்சைத் தொடங்குவாள். எங்களுக்குள் அதுதான் வணக்கம். அன்று காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கோளி அழைத்தது. மெடிக்கல் காலேஜில் படுத்திருந்தவள் தேறிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் வழக்கத்தைவிட நீளமாகக் கூவினேன். அந்தப் பக்கம் யாரும் முட்டை கேட்கவில்லை. பிறகு ஓர் ஆண் குரல்.

"நான் லில்லிபாய்க்க தம்பியாக்கும் பேசுதேன். அக்கா போயிட்டா."

நான் கூவியது இன்னும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது போல இருந்தது. அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்: "என்னட்டி, கோளி என்ன சொல்லுதா?"

நம் தெருக்காரர்கள் அவளுக்காகப் போடும் இந்த நினைவு மலரை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு லில்லிபாய் என்று சொன்னால் தெரியாது. தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு உங்கள் கேட்டுக்கு வெளியே நின்று "வெள்ளம் எடுக்கட்டா?" என்று கூப்பிடுவாளே, அவள்தான். திருவனந்தபுரம் தம்பானூர்ப் பக்கம் தண்ணீர் சோதிக்கிற லேபில் வேலை. வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வருவாள். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வருவாள், ரயிலில் போவாள். அவளைப் பற்றி மரியாதையாக 'அவர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். "அது யாருட்டி அந்த அவரு?" என்று அவளே கேட்பது போலிருந்தது. அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது கரமனையில், வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்ட ஒரு லைனில். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் ஹோட்டல் அடுக்களை வேலை, எல்லோரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். பின்னால் ஒரு கிணறு, அதற்குப் பக்கத்திலேயே கக்கூஸ் குழி. ஓனர் சேட்டன் சொல்லி அனுப்பித்தான் அக்கா முதன்முதலில் வந்தாள். "வெள்ளம் எடுக்க வந்தேன்" என்றாள். "வெள்ளம் வந்தா எடுக்க முடியாதும்மா, ஓடத்தான் முடியும்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். வெள்ளம் அவளுக்குத் தண்ணீர், எங்களுக்குப் பேரிடர். அவள் எட்டிப் பார்த்து, "வாயி எனக்கப் பெட்டிய விட பெருசா இருக்கே மக்களே" என்றாள். நான் ஒருத்திதான் நின்றேன். அவள் ஊரில் ஒருத்தி என்றாலும் மக்களே. கூட்டமே இல்லாமல் பொதுக்கூட்டம் நடத்தத் தெரிந்தவள் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சில நாள் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தாள். கிணற்றடியில் லைனே கூடிவிட்டது. அக்கா அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "கெணத்துல கோளி இருக்கு."

எங்கள் ஆட்களுக்கு ழகரம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். கோழி எங்கள் வாயில் கோளி. பேச்சியக்கா தலையில் கை வைத்துவிட்டாள். அவள் வீட்டுச் செவலைக் கோழியை இரண்டு நாளாகக் காணவில்லை.

"எவ எங்கோளியத் தூக்கிக் கெணத்துல போட்டா? இப்பம் சொல்லிருங்க!"

"ஏ பேச்சி, மொதல்ல எடுப்போம், பெறவு ஏசு" என்று கொத்தனார் இசக்கி மாமா பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். வாளி விழுந்தால் எடுக்கிற அந்த இரும்புக் கொக்கிகள் ஒரு பிளாஸ்டிக் கப்பையும் ஒற்றைச் செருப்பையும் கொண்டுவந்தன. அக்கா நடுவில் புகுந்து புகுந்து சொல்லிப் பார்த்தாள். "அந்தக் கோளி இல்லங்கா. இது கண்ணுக்குத் தெரியாத கோளி. ஈ-கோளின்னு ஒரு கிருமியாக்கும், கிருமி."

இசக்கி மாமா கயிற்றை விடவில்லை. "கண்ணுக்குத் தெரியாத கோளிய எவன்மா வளக்கான்?"

அக்கா கக்கூஸ் குழியைக் காட்டினாள். "நம்ம எல்லாரும்தான் மாமா வளக்குதோம். தெனமும் தீனி போடுதோம்லா?"

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் செவலைக் கோழி மதில்மேல் ஏறி எங்களைப் பார்த்தது. அன்றிலிருந்து அவள் கோளி அக்கா. பெயர் வைத்தது நான். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிணற்றைச் சுத்தம் செய்ய வைத்ததும், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று அறை அறையாகச் சொன்னதும் அவள். "தெளிவா இருக்குன்னு நம்பப்பிடாது. கண்ணாடியும் தெளிவாத்தான் இருக்கு, அதத் திம்பியளா?" என்று இசக்கி மாமாவிடம் கேட்டாள். குழியைத் தள்ளிக் கட்டித் தருவதாக ஓனர் சேட்டன் சொன்னார். அடுத்த சோதனையில் கோளி இல்லை என்று வந்தது. கொஞ்ச நாளில் எல்லோரும் கொதிக்க வைப்பதை விட்டுவிட்டோம். குழி இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன்பிறகு யார் சொல்லியும் அனுப்பாமல் அவளாகவே வருவாள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எங்கள் கிணற்றில் ஒரு குப்பி. பக்கச் சுவரில் படாமல் குப்பியைக் கயிற்றில் இறக்குவாள். மூடியைத் திறந்திருக்கும் நேரத்தில் யாரும் பேசக் கூடாது. "வாயப் பொத்து. ஒனக்க எச்சி விளுந்தா ரிப்போர்ட்டுல ஒனக்கப் பேருதான் வரும்." குப்பி ஐஸ் பெட்டிக்குள் போனதும் அவளுக்குக் கால் தரையில் நிற்காது. உள்ளே இருப்பது சாவதற்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், செத்துவிட்டால் இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்பாள். நம்மைக் கொல்லக்கூடியதை உயிரோடு பத்திரமாகச் சுமந்துகொண்டு ஓடுகிற வேலை. "நீ கிருமிக்கு ஆம்புலன்ஸ்" என்றேன். "சைரன் மட்டும்தான் இல்ல, அதுக்கு நீ இருக்கே" என்றாள்.

சைரன் வேலையை நான் ஒழுங்காகவே பார்த்தேன். எனக்குக் குரல் பாவனை வரும். ஓனர் சேட்டன் குரலில் லைனையே வெளியே வரவைத்தவள் நான். அக்காவின் குரலைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. முதலில் ஐஸ் பெட்டிக்காகத் தோளைச் சரித்துக்கொள்ள வேண்டும். முகத்தை நிமிர்த்தி நாடியைத் தூக்க வேண்டும். பிறகு 'எடுக்கட்டா'வில் கடைசி எழுத்தை மலையாளத்துக்கு இழுத்துவிட வேண்டும். நம் தெருவில் சில வீடுகளின் கேட்டில் நின்று "வெள்ளம் எடுக்கட்டா?" என்று கூப்பிட்டுவிட்டு மறைந்துகொள்வேன். சாவியோடு வந்து யாரையும் காணாமல் திகைத்தவர்கள் இப்போது இதை வாசித்துவிட்டுப் பல்லைக் கடிக்கலாம். அக்காவுக்குத் தெரிந்தபோது அவள் திட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கத் தொண்டைய நீ எடுத்திட்டா, நான் எதக் கொண்டு மக்களே கூப்பிடுவேன்?"

அப்போது அது வேடிக்கையாகத்தான் கேட்டது.

இந்த வருஷ மழையில் கிணறு செம்மண் நிறமாகிவிட்டது. ஒரு வாரம் முழுக்க லைனில் ஒரே கேள்விதான். "தெளிஞ்சிருச்சா?" ஒருத்தி இறைத்துப் பார்ப்பாள், இன்னொருத்தி கேட்பாள். காலையில் தெளிஞ்சிருச்சா, சாயங்காலம் தெளிஞ்சிருச்சா. ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்து அடியில் கிடந்த அந்த ஒற்றைச் செருப்பின் ஜோடிகூடத் தெரிந்தது. அன்று மாலை அக்கா வந்தாள். குப்பியை நிரப்பிப் பெட்டிக்குள் வைத்தாள். எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் அவளுக்குக் கட்டன்சாயா உண்டு. அன்று அம்மா அடுப்பைப் பற்ற வைக்கப் போனபோது தடுத்தாள்.

"வேண்டாங்கா. குப்பிய லேபுல குடுத்திட்டு வண்டியப் பிடிக்கணும். கொஞ்சம் வெள்ளம் மட்டும் தாங்க."

அம்மா பானையிலிருந்து மொண்டு சொம்பை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டாள். அம்மா பெருமையாகச் சொன்னாள்: "தெளிஞ்சதுதான் தாயீ, நல்லாத் தெளிஞ்சது. குடி." அக்கா அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே மூச்சில் சொம்பைக் காலி செய்தாள். "நல்ல குளுமை" என்று புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் உள்ளே தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

ரிப்போர்ட் வந்ததும் போனில் அழைத்தாள். "கோளி திரும்பி வந்தாச்சு மக்களே. பிளீச்சிங் போடச் சொல்லு." போட்டோம். பல வாரம் கழித்துக் காய்ச்சல் என்று லீவு போட்டாள். பிறகு மஞ்சள் காமாலை என்று தெரிந்தது. அதே வாரங்களில் பேச்சியக்காவின் சின்ன மகனுக்கும் கண் மஞ்சளித்தது. அவன் எழுந்து விளையாடப் போய்விட்டான். காமாலைதானே, கீழாநெல்லி கொடுத்தால் போகும் என்று லைன் சொன்னது. நான் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'மஞ்சக் கோளிக்கு வணக்கம்.' பதில் வந்தது: 'முட்டை போட்டதும் சொல்லுதேன்.' அவளிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் செய்தி அது.

அம்மாவும் நானும் பாறசாலைக்குப் போனோம். சபையில் இருந்து வந்தவர்கள் தமிழில் பாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணிக்கு மேல் அவள் கைகள் மஞ்சளாக இருந்தன. நான் அனுப்பிய வார்த்தை அங்கே படுத்திருந்தது. அடக்கம் முடிந்து, வெயிலில் நின்றவர்களுக்கெல்லாம் அவள் தம்பி தண்ணீர் கொண்டு வந்தான். அம்மா டம்ளரை வாங்கத் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "குடிங்கக்கா. தெளச்ச வெள்ளமாக்கும்" என்றான்.

அம்மா டம்ளரைப் பார்த்தாள். "தெளிஞ்சதுதான தம்பி. பாத்தாலே தெரியுதே."

"அப்படியில்லக்கா. தெளச்சது. அடுப்புல வச்சுத் தெளப்பிச்சது. எங்க அக்கா வேற வெள்ளம் குடிக்க மாட்டா. எங்கப் போனாலும் கேட்டிட்டுத்தான் குடிப்பா."

அம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை. கிளம்பும்வரை டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

ரயிலில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அம்மா பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி. அவள மாதிரிப் பேசு."

"அம்மா, இப்பம் எதுக்கு? வேண்டாம்."

"அன்னைக்கி நாஞ் சொம்ப நீட்டையில ஒண்ணு கேட்டால்லா? அத அவள மாதிரியே சொல்லு."

எனக்கு அந்த வார்த்தை நினைவில்லை. ஆனால் குரல் பாவனை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். வார்த்தை மறந்துபோனாலும் வாய் போன வழி மறக்காது. எழுந்து நின்று தோளைச் சரித்தேன். நாடியைத் தூக்கினேன். கையில் இல்லாத சொம்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தெள..." என்று தொடங்கினேன். என் நாக்கு 'ஞ்' என்ற இடத்துக்குப் போகவில்லை. அது தானாக வேறு பக்கம் திரும்பியது.

"அக்கா, தெளச்சதா?"

அந்தக் குரல் எங்கள் அறையில் கேட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அங்கே ஐஸ் பெட்டியோடு யாரோ பதிலுக்குக் காத்து நிற்பதுபோலப் பார்த்தாள்.

நான் பள்ளியில் படிப்பது மலையாளம். எங்கள் பள்ளிக் குடிநீர்க் குழாய்க்கு மேலேயே 'திளப்பிச்ச வெள்ளம்' என்று எழுதியிருக்கிறது. பாறசாலைத் தமிழில் அது தெளச்ச வெள்ளம். எங்கள் வீட்டில் அது கொதிச்ச தண்ணி. தெளிஞ்சதும் தெளச்சதும் எழுத்தில் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அவசரத்தில் காதில் விழும்போது இரட்டைப் பிள்ளைகள். ஒரு வாரமாகத் தெளிஞ்சிருச்சா தெளிஞ்சிருச்சா என்று கேட்டுப் பழகிய காதில் அக்காவின் கேள்வி விழுந்தது. கோளியை வைத்து வருஷக்கணக்கில் சிரித்த லைனில், இந்த இரட்டைச் சொல் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. அது சிலேடை என்றே யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அம்மா தம்பானூருக்கு, அக்காவின் லேபுக்கே போனாள். நானும் கூடப் போனேன். அக்காவோடு வேலை பார்த்த ஷிஜு சேட்டனிடம் நேராகக் கேட்டாள்: "எங்க வீட்டுத் தண்ணியிலதான் அவளுக்கு வந்துச்சா?"

அவர் உடைந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "அது யாருக்கும் பறயான் பற்றில்லா சேச்சி. சொல்ல முடியாது. தீனம் உள்ள கேறிட்டு, வெளிய தெரிய வாரக்கணக்காகும். அதுக்குள்ள அவ எத்தனை வீடு, எத்தனை கடை. கோளி மஞ்ஞப்பித்தம் கொடுக்காது. ஆனா கோளி வந்த வழியில அதும் வரும்."

"அப்பம் எங்க வீடாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"மத்த வீட்டுலயுந்தான் குடிச்சிருப்பா" என்று நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"குடிச்சிருப்பா" என்றாள் அம்மா. "அங்கல்லாம் கேட்டதுக்குச் சரியாப் பதில் சொல்லியிருப்பாவ."

ஷிஜு சேட்டன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் சுவரில் ஆணியில் அந்த ஐஸ் பெட்டி தொங்கியது. அவள் தோள் பட்ட இடத்தில் பட்டை வெளுத்திருந்தது. வேறு யாரும் அதை இன்னும் எடுத்து மாட்டவில்லை.

இந்த மலருக்கு நான் முதலில் எழுதியது வேறு. கோழி வேட்டை, சைரன், கொக்கரக்கோ, எல்லாம் இருந்தது. அந்தச் சொம்பு இல்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னாள். ரெண்டு இடத்தில் சிரித்தாள். முடித்ததும், "நான் தண்ணி குடுத்தது எங்க?" என்று கேட்டாள்.

"அது எதுக்கும்மா?"

"அதத்தாம்ட்டி எளுதணும். நீ கோளிய எளுதினா எல்லாவளும் சிரிச்சிட்டுப் போயி, பானையில மொண்டு குடிப்பாளுவ. எளுது. எம்பேரப் போட்டே எளுது."

பேரைப் போடவில்லை. மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். ஓனர் சேட்டன் குழியை மாற்றித் தருவதாக மறுபடியும் சொல்லியிருக்கிறார். அவரும் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன். அவர் குரலில் நான் சொன்னால் நீங்களே நம்பிவிடுவீர்கள். ஆனால் இதை அவர் குரலிலேயே அவர் சொல்லட்டும்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வரும்போது, என்னையறியாமல் கேட்டில் நின்று "வெள்ளம் எடுக்கட்டா?" என்று கூப்பிட்டுவிட்டேன். வாய் பழக்கத்தில் வந்தது. எதிர்வீட்டு அம்மச்சி சாவியோடு படியிறங்கி ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கேட்டைத் திறந்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அதன்பிறகு நான் அக்காவின் குரலில் கூப்பிடுவதில்லை. எனக்கத் தொண்டைய நீ எடுத்திட்டா என்று அவள் சொன்னது, இப்போது சாப்பிட உட்கார்ந்தால்கூட வருகிறது. நான் எடுத்துவிட்டேன். அது இங்கே இருக்கிறது. கூப்பிட முடியாமல் இருக்கிறது.

அவள் குரலை நான் வெளியே எடுப்பதில்லை. எடுப்பது அவள் சொல் ஒன்றைத்தான். எங்கள் வீட்டில் இப்போது கொதிச்ச தண்ணி என்ற பேச்சே கிடையாது. யார் வந்தாலும், அம்மா சொம்பை எடுத்ததும் நான் என் சொந்தக் குரலில், நாடியைத் தூக்காமல், தோளைச் சரிக்காமல் கேட்கிறேன்: "தெளச்சதா?"

வந்தவர்கள், இந்தப் பிள்ளைக்கு மரியாதையே கிடையாது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

"தெளச்சது" என்கிறாள் அம்மா. கேட்டது நான்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் வாசலைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள்.